வீட்டில் எத்தனை பேர்?

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆட்கள் இதை நல்ல குணம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழக்கம் போதாது. பொய் சொல்வதென்றால் கதைக்க வேண்டும். நான் கதைப்பது குறைவு.

ஒரே ஒரு முறை பதினாலு பொய்களை ஒரு காலையில் பாடமாக்கினேன். பதினொன்றை ஒழுங்காகச் சொன்னேன். பன்னிரண்டாவதில் மனிசியின் பட்டப்படிப்பைக் கவிழ்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். (எழுதச் சொன்னது மகள். எழுத்துப் பிழை பார்க்க மாட்டாளாம். ஆகவே பிழை எல்லாம் என்னுடையது.)

எங்கள் வீடு மன்னார்த் தீவில், கரைக்குக் கிட்ட. பின்வளவில் கருவாடு காயப்போட்டு விற்கிறேன். படித்தது ஏழாம் வகுப்பு வரை. அதுவும் இந்தியாவில், அகதி முகாமில். மனிசி ரெஜினாவும் அதே முகாமில் வளர்ந்தவள்தான். அவள் அங்கிருந்தே கல்லூரிக்குப் போனாள். ஊர் திரும்பியதும் மன்னார் டவுனில் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. இவள் எப்படி உன்னைக் கட்டினாள் என்று கேட்பார்கள். நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"நீங்கள் கதைக்கமாட்டியள். அது நல்லது" என்றாள்.

(முகாமில் வீட்டுக்கு வீடு ஒரு தகரம்தான் மறைப்பு. மூன்று குடும்பத்துப் பேச்சை ஒன்றாகக் கேட்டு வளர்ந்தவளுக்கு நான் பெரிய ஆறுதலாக இருந்திருப்பேன்.)

மகள் யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்ந்த மாதம் ரெஜி என்னிடம் வந்து நின்றாள். நான் உப்புத் தடவிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, நான் மேல படிக்கப்போறன். நிதியும் வங்கியும். முதுமாணிப் படிப்பு."

"நல்லது."

"தமிழிலயும் செய்யலாம், இங்கிலிசிலயும் செய்யலாம். கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கொம்பியூட்டரில வகுப்பு. எங்கட வசதிக்கு வளைஞ்சு குடுக்கிற படிப்பு."

"நல்லது."

"எப்ப வேணுமெண்டாலும் படிக்கலாம்."

அதற்கும் நல்லது என்றேன். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்றால் எப்போதும் படிப்பாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. படிப்பு வளையவில்லை. வளைந்தது நான்தான்.

காலையில் வங்கி. பின்னேரம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். சனி ஞாயிறு முழுநாள் வகுப்பு. நான் சமைத்து, சோற்றைக் கோப்பையில் போட்டு, கதவுக்கு வெளியே ஒரு கதிரையில் மூடி வைப்பேன். பிறகு வந்து பார்த்தால் கோப்பை காலியாக இருக்கும். கழுவி வைப்பேன். யாருக்கோ சிறைச்சாலையில் சாப்பாடு கொடுக்கிற மாதிரி. உள்ளே இருக்கிறது அவளா நானா என்பதுதான் தெரியவில்லை.

மீன் பொரித்தால் சத்தம் வகுப்புக்குள் போகிறது என்றாள். பொரிப்பதை விட்டேன். இரண்டு வருடம் தேங்காய்ப்பால் சொதிதான். ரேடியோவை அலுமாரிக்குள் வைத்தேன். வீட்டுக்கு முன் ஒழுங்கையில் நிற்கிற கழுதைகள் சனிக்கிழமை பார்த்துக் கத்தும். பொல்லை எடுத்துக்கொண்டு போய் அவற்றைத் துரத்திவிட்டு வருவேன். ஒழுங்கையில் எனக்குக் கதைக்க இருந்ததும் அவைதான்.

சில நேரம் அறைக்குள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். வகுப்பில் யாரோ பகிடி விட்டிருப்பார்கள். இங்கிலிசுப் பகிடி. எனக்கு என்னவென்று தெரியாது. கதவுக்கு வெளியே நின்று நானும் கொஞ்சம் சிரிப்பேன். பிறகு போய் மீனைத் திருப்பிப் போடுவேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசிச் சோதனை வந்தது.

சோதனை எழுத்தில் இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் கரையோரச் சிறு வியாபாரி ஒருவரைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். பிறகு அந்த வியாபாரியைக் கொம்பியூட்டரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். சோதனை எடுக்கிறவர்கள் இரண்டு பேர். அவர்கள் முன்னால் மாணவர் தமிழில் கேள்வி கேட்க வேண்டும். வியாபாரி தமிழில் பதில் சொல்ல வேண்டும். அதை மாணவர் உடனே இங்கிலிசில் சொல்ல வேண்டும். இரண்டு மொழிப் படிப்பு என்றால் அதுதானாம். வியாபாரியின் பெயர் சொல்லத் தேவையில்லை. ஆனால் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அது முதல் விதி.

ரெஜி பிடித்து வைத்திருந்தது நசீர் நானாவை. எங்கள் தீவுத் தாராபுரத்து ஆள். லொறி வைத்து மீன் ஏற்றுகிறவர். என் கருவாடும் அவருடைய லொறியில்தான் போகும். நன்றாகக் கதைப்பார். நல்ல தெரிவு. அவரைப் பற்றி அறிக்கை எழுதி அனுப்பியும் விட்டாள்.

சோதனை சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு. ஏழரைக்கு நசீர் நானா போன் எடுத்தார்.

"தம்பி, லொறி கட்டுக்கரையில படுத்திட்டுது. குளக்கட்டில நிக்கிறன். மெக்கானிக் வரப் பகலாகும்."

"போனில கதைக்கலாமே நானா?"

"படம் தெரியவேணும் எண்டு தங்கச்சி சொன்னா. இஞ்ச குரலே விட்டு விட்டுத்தான் போகுது தம்பி. மாட்டுக்கும் எனக்கும்..."

அதோடு அறுந்துவிட்டது. மாட்டுக்கும் அவருக்கும் என்னவென்று இன்றுவரை தெரியாது.

ரெஜியிடம் சொன்னேன். அவள் குசினி வாசலில் நின்றாள். திகதி மாற்ற முடியாது. இன்றைக்கு விட்டால் திரும்ப அடுத்த பிரிவோடுதான். அதாவது கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கும். கதிரையில் கோப்பை, பொரிக்காத மீன், ஒழுங்கையில் கழுதை. எல்லாம் திரும்பவும். அது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவள் என்னை இவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். நான் தேங்காய் துருவுவதை நிற்பாட்டினேன்.

"நீங்களும் கரையோரச் சிறு வியாபாரிதானே" என்றாள்.

"ஓம்."

"நசீர் நானாவின்ர பதிலை நீங்கள் சொன்னால் காணும். பெயர் கேக்கமாட்டினம்."

"எனக்குப் பொய் வராது ரெஜி."

"பொய்யில்லை. பாடமாக்கிறது."

பாடமாக்குவது வேறு. சின்ன வயதில் கோயிலில் ஞானப்பாடம் பாடமாக்கியிருக்கிறேன். அதில் ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தாளில் பதினாலு பதில் எழுதித் தந்தாள். எத்தனை வருடமாகத் தொழில், எத்தனை ஐஸ் பெட்டி, எந்தக் காலத்தில் மீன் குறைவு. பன்னிரண்டாவது, வீட்டில் எத்தனை பேர். பதில், ஆறு. நசீர் நானா, மனிசி, நாலு பிள்ளைகள்.

பதினொரு மணிக்குள் பதினாலும் பாடம். ரெஜி தலையைத் தடவிவிடாத குறை.

"என்னை என்னெண்டு கூப்பிடுவியள்?" என்று கேட்டாள்.

"ரெஜி."

"மிஸ் எண்டு கூப்பிடுங்கோ. என்னைத் தெரியாத மாதிரி இருங்கோ. கனக்க யோசிக்க வேண்டாம்."

அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இரண்டு வருடம் பழகியிருந்தேன்.

அவள் அறைக்குள் கொம்பியூட்டரோடு. நான் பின்வளவில், கருவாட்டுப் பந்தலுக்குக் கீழே, அவளுடைய போனோடு. ஒரு வீட்டில் இரண்டு பேரும் கிட்ட இருந்தால் சத்தம் எதிரொலிக்குமாம். போனை உப்பு மூட்டையில் சாய்த்து வைத்தாள். கலியாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டை எடுத்துத் தந்தாள். நெஞ்சுக்குக் கீழே தெரியாது என்றபடியால் உடுத்திருந்த சாரத்தை மாற்றவில்லை. (சாரம் பச்சையும் சிவப்பும் கட்டம். இது பிறகு தேவைப்படும்.)

போனில் நாலு சின்னப் பெட்டி. ஒன்றில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. தமிழ் ஆள். இன்னொன்றில் தலை நரைத்த ஒரு ஐயா. அவருக்கு இங்கிலிசு மட்டும். மூன்றாவதில் நான். நாலாவதில் ரெஜி.

அவளை அந்தப் பெட்டிக்குள் பார்த்தேன். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. முப்பதடி தள்ளி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நான் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"வணக்கம் ஐயா" என்றாள் என்னைப் பார்த்து.

"வணக்கம் மிஸ்."

கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடம். ஐயா என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கேட்க வடிவாக இருந்தது.

கேள்விகள் ஒழுங்காகப் போயின. அவள் கேட்டாள், நான் சொன்னேன், அவள் இங்கிலிசில் சொன்னாள். என்னுடைய மூன்று சொல் அவளுடைய வாயில் முப்பது சொல்லாகப் போனது. நரைத்த ஐயா தலையாட்டி எழுதினார். நான் இவ்வளவு விசயம் சொல்கிற ஆள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பதினொரு கேள்வி முடிந்தது. அப்போது கோயிலில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது.

எங்கள் ஊரில் அந்த மணி அடித்தால் எழும்பிச் சிலுவை போட வேண்டும். கடலில் நின்றாலும் போடுவார்கள். கை தானாகப் போகும். நான் எழும்பினேன். போனில் என் தலை மறைந்து பச்சைச் சிவப்புக் கட்டம் வந்தது. மற்றப் பெட்டியில் ரெஜியும் எழும்பி நின்றாள். மணிச் சத்தம் இரண்டு பெட்டிக்குள்ளாலும் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிலுவை போட்டோம். ஒரே நேரத்தில் இருந்தோம்.

கண்ணாடி அம்மா கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தா.

"ரெண்டு பேரும் ஒரே ஊரோ?"

"ஓம் மிஸ். ஒரே கோயில்" என்றாள் ரெஜி. அதில் பொய் இல்லை.

"சரி. இனி நான் கேக்கிறன்" என்றா அந்த அம்மா. "நீங்கள் இங்கிலிசில சொல்லுங்கோ, ரெஜினா."

அது எங்கள் தாளில் இல்லை.

அவவின் முகம் போனில் கிட்ட வந்தது. கையில் பேனை. முன்னால் ஒரு படிவம்.

"ஐயா, வீட்டில எத்தனை பேர்?"

கேள்வி தாளில் இருந்ததுதான். பதிலும் பாடம்தான். ஆறு. ஆனால் கேட்டது ரெஜி இல்லை. படிவத்தோடும் பேனையோடும் ஒரு அதிகாரி கேட்டா.

முகாமில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். மாதத்தில் ஒரு நாள் கணக்கெடுக்க வருவார்கள். எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும். நிற்கிறவர்தான் எண்ணிக்கை. சந்தைக்குப் போனவர் எண்ணிக்கையில் இல்லை. இருக்கிறார், இப்ப வந்துவிடுவார் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சரிபார்ப்பார்கள். இல்லாத ஆளைக் கூட்டிச் சொன்னதாக வந்துவிடும். என் அம்மா தோளைப் பிடித்து நிறுத்திச் சொல்லுவா, நிக்கிற ஆளை மட்டும் சொல்லு. பன்னிரண்டு வயதிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்தேன்.

நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் நிற்கவில்லை.

"ஒராள்" என்றேன்.

"சிக்ஸ்" என்றாள் ரெஜி இங்கிலிசில்.

எனக்கு இங்கிலிசு தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். எனக்குப் பத்து வரைக்கும் தெரியும். ஐஸ் கம்பனியில் கட்டியை இங்கிலிசில்தான் எண்ணித் தருவார்கள். பத்துக்கு மேல் நான் வாங்குவதில்லை.

"நோ சிக்ஸ்" என்றேன். "வன்."

நரைத்த ஐயா பேனையைத் தூக்கினார்.

"அறிக்கையில ஆறு எண்டு கிடக்கு" என்றா கண்ணாடி அம்மா. "நீங்கள் கலியாணம் கட்டேல்லையோ?"

"கட்டினனான்."

"மனிசி?"

"இருக்கிறா."

"எங்க?"

"அறைக்குள்ள."

"அப்ப ரெண்டு பேரெல்லோ?"

"கதவு பூட்டிக் கிடக்கு."

"சுகமில்லையோ அவக்கு?"

"சுகம். படிக்கிறா."

"என்ன படிக்கிறா?"

"வங்கி" என்றேன். "ரெண்டு மொழியில."

இதைச் சொல்லி முடித்த பிறகும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சரியான பதிலைச் சொன்ன ஆள் மாதிரி நேராக இருந்தேன். காகம் ஒன்று பந்தலில் வந்து இருந்தது. கையை வீசித் துரத்தினேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "எவ்வளவு காலமா?"

"ரெண்டு வருஷம்."

"சாப்பாடு?"

"நான் சமைப்பன். ரெண்டு பேருக்குத்தான். கதிரையில வைப்பன். நான் குசினிக்குள்ள சாப்பிடுவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ சிரிக்கிறது கேக்கும்" என்றேன்.

என் வாழ்க்கையில் ஒரு மூச்சில் நான் இவ்வளவு கதைத்தது அதுதான்.

நரைத்த ஐயா இங்கிலிசில் ஏதோ கேட்டார். என்ன சொல்கிறார் இவர் என்று கேட்டிருப்பார். எல்லாரும் ரெஜியைப் பார்த்தார்கள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது பெட்டி ஆடாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். மெதுவாக. இந்த முறை முப்பது சொல் இல்லை. நான் சொன்ன அளவுக்குத்தான் சொன்னாள். ஒவ்வொன்றாக, விடாமல். டோர் என்று ஒரு சொல் வந்தது. டூ என்று வந்தது. கடைசியில் ஹஸ்பண்ட் என்று வந்தது.

அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். மகள் பிறந்த அன்றைக்கு ஆசுபத்திரியில் ஒரு நேர்ஸ் என்னை அப்படித்தான் கூப்பிட்டா. "ஹஸ்பண்ட், வெளியில நில்லுங்கோ."

அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு ஓடியது. போனை அணைக்கலாம் என்று கையை நீட்டினேன். எங்கே அமத்துவது என்று தெரியவில்லை. உப்பு மூட்டையோடு சேர்த்துக் கவிழ்த்துவிட்டேன். இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"விதி விதிதான், ரெஜினா. ஆறு மாசத்தில வேற ஆளோட வாங்கோ. இங்கிலிசு நல்லம். பிழை ஒண்டும் இல்லை." பிறகு, "ஐயா இருக்கிறாரோ?"

"இருக்கிறன்" என்றேன் உப்பைப் பார்த்து.

"காலமை தொடக்கம் எட்டுப் பேரிட்டக் கேட்டனான். எல்லாரும் எழுதிக் குடுத்த மாதிரிச் சொன்னவை. நீங்கள் ஒராள்தான் வேற."

அது பாராட்டா ஏச்சா என்று தெரியாது. நன்றி மிஸ் என்றேன்.

நான் பந்தலுக்குக் கீழேயே இருந்தேன். சேட் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பகலில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கனகாலம். ரெஜி வந்து நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உங்களுக்கு இங்கிலிசு தெரியும் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

"பத்து வரைக்கும்."

உப்பைப் பார்த்தாள். என் சாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மாசம்" என்றாள்.

"ஓம்."

"என்ன கறி?"

"சொதி."

"மீன் கிடக்கோ?"

"கிடக்கு."

"பொரியுங்கோ" என்றாள்.

அன்றைக்குக் குசினியில் இரண்டு பேர் சாப்பிட்டோம். ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு அது பழக்கம். அவள் ஒருமுறை திடீரென்று சிரித்தாள். நோ சிக்ஸ் என்றாள். திரும்பவும் சிரித்தாள். இந்த முறை என்ன பகிடி என்று எனக்குத் தெரியும். பகிடி நான்தான்.

அடுத்த நாள் அந்த உப்பு மூட்டையைத் தூக்கி வந்து அறைக் கதவுக்கு அண்டை கொடுத்து வைத்தாள், கதவு சாத்தாமல் இருக்க. ஆறு மாதமும் அது அங்கேதான் இருந்தது. அவள் காதில் வயரைப் போட்டுக்கொண்டு படிப்பாள். நான் கூடத்தால் போகிறபோது முதுகு தெரியும். முதுகு தெரிவது பெரிய விசயம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு நசீர் நானாவை முதல்நாளே லொறியோடு கொண்டுவந்து எங்கள் வளவில் நிறுத்தினோம். இனி படுத்தாலும் எங்கள் வளவில்தான் படுக்கும். அவர் பதினாலும் சொன்னார். அதே அம்மா படிவத்தோடு கேட்டா, வீட்டில் எத்தனை பேர் என்று. "ஆறு" என்றார் சத்தமாக. ரெஜி பாஸ். உண்மையில் அன்றைக்கு அவருடைய வீட்டில் ஏழு பேர். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பிழையான எண்ணிக்கைக்குப் பட்டம் கிடைத்தது. சரியான எண்ணிக்கை சொன்ன நான் இன்றைக்கும் பகிடி.

நசீர் நானா மீன் ஏற்ற வந்தால் படலையில் நின்றே கேட்பார். "தம்பி, வீட்டில எத்தனை பேர்?" மகள் விடுதியில் இருந்து எடுத்தால் வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. இதுதான் முதல் கேள்வி. கேட்டுவிட்டுத் தானே சிரிப்பாள். அவளுடைய சினேகிதிகளும் பின்னால் சிரிப்பது கேட்கும். எனக்குத் தெரியாத பிள்ளைகள்.

பட்டத்தால் ரெஜிக்குப் பதவி உயர்வு வந்தது. தீவுக்கு வெளியே, அடம்பன் கிளைக்குப் போட்டார்கள். விடிய முதல் பஸ்ஸில் போவாள். இப்போது அறைக் கதவு முழு நாளும் திறந்து கிடக்கிறது. உள்ளே ஆள் இல்லை. ரேடியோ வெளியே வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் கழுதைகள் விரும்பின மாதிரிக் கத்தலாம்.

பின்னேரம் வங்கி பூட்டியதும் அவள் போன் எடுப்பாள்.

"வீட்டில எத்தனை பேர்?"

"வன்."

"சரி. பஸ் ஏறிட்டன்" என்று வைத்துவிடுவாள். நான் உலைக்கு இன்னொரு சுண்டு அரிசி போடுவேன்.

மாரியில் றோட்டை வெள்ளம் மூடினால் பஸ் ஓடாது. அவள் அடம்பனில் ஒரு சினேகிதி வீட்டில் தங்கிவிடுவாள். அன்றைக்கும் எடுத்துக் கேட்பாள்.

"சிக்ஸ்" என்பேன்.

அன்றைக்கு அவள் போனை வைக்கமாட்டாள்.